ஒசாகாவுக்கு மாற்றல்: ஜப்பான் செய்திகளில் எது நம்மைத் தொடும், எது வெறும் சத்தம்?

பாயான்பாரு_85:
வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து ஒசாகாவுக்கு 2 வருட மாற்றல். சம்பளம் அங்கேயே, யென்னில். போகிற நாள் நெருங்க நெருங்க ஜப்பான் செய்தியாகவே கண்ணில் படுகிறது. அரிசி விலை ஏறிவிட்டதாம், வெளிநாட்டு லைசென்ஸை மாற்றித் தருவதை இறுக்கிவிட்டார்களாம், சைக்கிளுக்கும் சம்மனாம், ‘ஜப்பானியருக்கே முதலிடம்’ என்று ஒரு கட்சி வளர்கிறதாம். வீட்டில் அம்மா வாட்சாப்பில் வருவதையெல்லாம் படித்துவிட்டு ‘அங்க போய்த்தான் ஆகணுமா’ என்கிறார். அங்கே இருப்பவர்கள், இருந்து திரும்பியவர்கள் சொல்லுங்கள்: இதில் எது தினசரி வாழ்க்கையைத் தொடும்? பினாங்கை விட்டுக் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலை ஏதும் உண்டா? கடப்பிதழில் என் பெயர் ஏ/எல் (இன்னாரின் மகன்) போட்டு, அப்பா பெயரும் சேர்ந்த நீளப் பெயர், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தென்னோஜி_வாசி:
தம்பி, நீங்கள் சொன்னதில் இன்றைக்கே கை வைக்க வேண்டியது லைசென்ஸ்தான். அதற்கான பேப்பரெல்லாம் மலேசியாவில் கிடைப்பவை, ஒசாகாவில் உட்கார்ந்து கேட்டால் அலைச்சல்.

அனைத்துலக லைசென்ஸ் ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து 1 வருடம்தான் செல்லும். இடையில் பினாங்குக்கு ரெண்டு வாரம் வந்து புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று நினைக்காதீர்கள். 3 மாதத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால் அது செல்லாது, ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் வழக்கு. ஆக இரண்டாம் வருடத்துக்கு மாற்றியே ஆகவேண்டும். அதற்குப் பெயர் ‘கய்மென் கிரிகாயே’.

மாற்றும்போது, லைசென்ஸ் எடுத்த பிறகு அந்த நாட்டில் மொத்தம் 3 மாதமாவது இருந்தீர்கள் என்று காட்டச் சொல்வார்கள். நம்மவர்கள் சிக்குவது இங்கேதான். மலேசிய லைசென்ஸ் அட்டையில் இருப்பது செல்லுபடியாகும் தேதிகள். 2010இல் எடுத்திருந்தாலும் போன வருடம் புதுப்பித்த தேதிதான் அதில் தெரியும். எனவே முதன்முதலில் எடுத்த தேதியும் வகுப்பும் போட்ட உறுதிக் கடிதம் ஒன்றை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) வாங்குங்கள். கடப்பிதழ் முத்திரையும் இருக்காது, ஆட்டோகேட்டில்தானே போய் வருகிறோம். அதனால் குடிநுழைவுத் துறையில் நாட்டுக்குள் வந்து போன பதிவையும் எடுத்து வையுங்கள். பழைய கடப்பிதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள். கைப்பேசியில் உள்ள மின்லைசென்ஸை அங்கே யாரும் ஏற்க மாட்டார்கள், பிளாஸ்டிக் அட்டை அவசியம். ஜப்பானிய மொழிபெயர்ப்பை அங்கே ஜாஃப் என்ற வாகன ஓட்டிகள் சங்கம் செய்து கொடுக்கும்.

செய்தியில் வந்தது உண்மை. 2025 அக்டோபர் 1 முதல் எழுத்துத் தேர்வில் 50 கேள்வி, 45 சரியாக வேண்டும். முன்பு 10 கேள்வியில் 7 போதும். முகவரிப் பதிவு இல்லாத சுற்றுப்பயணிகளுக்கு இனி மாற்றமே இல்லை. இதை வெளிநாட்டுக்காரர் மேல் வெறுப்பு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹோட்டல் முகவரியைக் கொடுத்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள், அதை எத்தனை நாள் விடுவார்கள்?

நமக்கு இடப்பக்க ஓட்டம் பழக்கம் என்பதால் ஓட்டும் தேர்வு சுலபம் என்று தோன்றும். பெயிலாவதும் அதனால்தான். இடப்பக்கம் திரும்பும் முன் 30 மீட்டருக்கு முன்னாலேயே சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, வண்டியை இடது ஓரத்தோடு ஒட்டிக் கொண்டுவர வேண்டும். சைக்கிள் நுழைய இடம் விட்டால் புள்ளி போகும். தலைகீழ் முக்கோணச் சிவப்புப் பலகையில் சக்கரம் முழுக்க நிற்க வேண்டும், உருட்டிக்கொண்டே பார்ப்பது கூடாது. குறுகலான வளைவில் பின்சக்கரம் கல்லில் ஏறினால் உடனே நிறுத்திப் பின்னால் எடுங்கள். ஏறியபடியே ஓட்டிக்கொண்டு போனால் தேர்வு அத்தோடு முடிந்தது.

கணக்குப்பிள்ளை:
லைசென்ஸ் இல்லாமலும் ஒசாகாவில் ரயிலில் காலம் தள்ளலாம். பெயரில் வரும் கோளாறோடு தள்ள முடியாது.

ஜப்பானிய பாரங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி, சொந்தப் பெயருக்கு ஒரு பெட்டி. அப்பா பெயர் என்று ஒன்று கிடையாது, சாய்கோட்டைப் பல இணையப் பாரங்கள் ஏற்காது. கன்சாய் விமான நிலையத்தில் கொடுக்கும் ‘ஸைர்யூ கார்டு’ (வசிப்பு அட்டை) மேல் பெயர் எப்படி அச்சாகிறதோ, அதே வரிசை, அதே இடைவெளியை எல்லா இடத்திலும் எழுதுங்கள். அதைவிட முக்கியம் கதகானா, அதாவது வெளிநாட்டுப் பெயர்களை ஜப்பானியர் எழுதும் எழுத்து. முருகேசனை ‘முருகேசன்’ என்று நெடிலாகவும் எழுதலாம், ‘முருகெசன்’ என்று குறிலாகவும் எழுதலாம், வித்தியாசம் நடுவில் ஒரு சின்னக் கோடுதான். ஆனால் வங்கிப் பரிமாற்றம் அந்தக் கதகானாவை வைத்துத்தான் பொருத்திப் பார்க்கிறது. கம்பெனி ஒரு மாதிரி, வங்கி ஒரு மாதிரி என்றால் முதல் மாதச் சம்பளம் திரும்பிப் போய்விடும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதையே காப்பியடியுங்கள்.

வந்து 6 மாதம் ஆகாதவருக்குக் கணக்கு திறக்கத் தயங்கும் வங்கிகள் உண்டு. ஜப்பானிய அலுவலகத்தில் வேலை செய்பவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி முதல் நாளிலிருந்தே குடியிருப்பவர்தான். வேலைச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள்.

குடியேறி 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதியுங்கள். அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும், இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 200,000 யென் வரை.

இனி வரி. முதல் வருடம் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு ‘பரவாயில்லையே’ என்று கைப்பேசி, சோபா என்று கடனில் வாங்குவார்கள். ‘ஜூமின்ஸெய்’ என்ற வசிப்பாளர் வரி போன வருடச் சம்பாத்தியத்துக்கு இந்த வருடம் வருவது. கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் சுமார் 10 விழுக்காடு. ஏப்ரல் 2026இல் சேர்ந்தால், டிசம்பர் வரை சம்பாதித்ததற்கு 2027 ஜூனிலிருந்து மாதாமாதம் பிடிப்பார்கள். ஜனவரி 1 அன்று நீங்கள் எங்கே பதிவில் இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. 2028 ஏப்ரலில் திரும்பினால் 2027 சம்பாத்தியத்துக்கான வரி ஊருக்கு வந்த பிறகும் பாக்கி நிற்கும். கடைசிச் சம்பளத்தில் அதற்கு ஒதுக்கி வையுங்கள்.

ஓய்வூதியச் சந்தாவில் உங்கள் பங்கு 9.15 விழுக்காடு. 6 மாதமாவது கட்டியிருந்தால், நாட்டை விட்டு வந்து 2 வருடத்துக்குள் விண்ணப்பித்து ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்ப வாங்கலாம். அதில் 20.42 விழுக்காடு வரி பிடிப்பார்கள். அதையும் மீட்க, கிளம்பும் முன்பே அங்கே ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்து வரி அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். விமானம் ஏறிய பிறகு நினைவுக்கு வந்தால் இழுபறிதான்.

லூனாஸ்_அக்கா:
அரிசியைப் பற்றி யாரும் பேசவே இல்லையே.

விலை ஏறியது உண்மைதான். 2025 மே மாதம் 5 கிலோ சராசரி 4,200 யென்னுக்கு மேல் இருந்தது, அதற்கு முந்தைய வருடத் தொடக்கத்தில் அதில் பாதிதான். ‘நான் அரிசி வாங்கியதே இல்லை, அன்பளிப்பாகவே நிறைய வரும்’ என்று பேசிய விவசாய அமைச்சர் எத்தோ பதவியையே இழந்தார். பின்னால் வந்த கொய்சுமி அரசாங்கச் சேமிப்பு அரிசியை 5 கிலோ 2,000 யென் அளவில் இறக்கினார், கடை வாசலில் வரிசை நின்றது. வெளியிலிருந்து மலிவாக வராததற்குக் காரணம், ஒதுக்கீட்டுக்கு மேல் வரும் அரிசிக்குக் கிலோவுக்கு 341 யென் தீர்வை. தனியாள் நீங்கள், மாதம் 5 கிலோவே மிஞ்சும். பயப்படுகிற செலவில்லை.

ஆனால் அந்த அரிசியில் இட்லி வராது, பிசினாகிவிடும். ஹலால் கடைகளில் இந்தியப் புழுங்கலரிசி கிடைக்கும். ஜனவரியில் ஒசாகா சமையலறையில் மாவு இரண்டு நாளானாலும் அசையாது. அங்குள்ள மைக்ரோவேவ் அடுப்புகள் பலவற்றில் ரொட்டி மாவுக்கு ‘ஹக்கோ’ என்று ஒரு பொத்தான் உண்டு. 30 டிகிரியில் வைத்து, நேரம் முடிய முடிய மறுபடி அழுத்துங்கள்.

பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெயைக் கட்டியாக்கும் தூள் விற்கிறார்கள், ஒரு பொட்டலம் 600 மில்லிக்கு. அடுப்பை அணைத்ததும் சூடாக இருக்கும்போதே போட்டுக் கிளற வேண்டும். ஆறிய எண்ணெயில் போட்டால் கட்டவே கட்டாது. கட்டியானதும் தோசை மாதிரிப் பெயர்த்தெடுத்துச் சாதாரணக் குப்பையில் போடலாம்.

குப்பைக்கு ஒசாகா மாநகரில் உள்ளே தெரிகிற பை போதும். கியோத்தோ மாதிரிக் காசு கொடுத்து மாநகராட்சிப் பை வாங்க வேண்டாம். சாதாரணக் குப்பை வாரம் இருமுறை, மற்ற வகைகளுக்கு வாரம் ஒருமுறை. 30 செண்டிமீட்டரைத் தாண்டிய பொருளுக்கு முன்பதிவு செய்து, கடையில் 200 முதல் 1,000 யென் வரை சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, ஏர்கோன் நான்கையும் மாநகராட்சி தொடாது, அதற்குத் தனிச் சட்டம், தனிக் கட்டணம். திரும்பி வரும்போது கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். மார்ச்சில் ஊரே வீடு மாறும், தேதி கிடைக்காது.

பட்டர்வொர்த்_படகு:
தென்னோஜி அண்ணன் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். தம்பி கேட்ட அந்த ‘ஜப்பானியருக்கே முதலிடம்’ கட்சி வெறும் சத்தமில்லை. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் சன்சேய்தோவுக்கு 14 இடம். அதே வருடம் அக்டோபரில் தொழில் நடத்தும் விசாவுக்கான முதலீடு 5 மில்லியன் யென்னிலிருந்து 30 மில்லியனாகத் தாவியது. சின்னதாகக் கறிச் சாப்பாட்டுக் கடை போட்டுப் பிழைப்பவர்களுக்கு அது அடி. கம்பெனி சம்பளத்தில் போகிறவரை அது தொடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களைத் தொடப்போவது வீடு. ‘வெளிநாட்டுக்காரருக்குக் கொடுப்பதில்லை’ என்று முகவர் முகத்துக்கு நேரே சொல்வார், ரொம்பப் பணிவாக. இது தேர்தலுக்கு முன்பும் இருந்தது. கம்பெனி பெயரில் வாடகைக்கு எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் யூஆர் என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் அடுக்குமாடி பாருங்கள்: வீட்டுக்காரருக்கு ‘நன்றிப் பணம்’ கிடையாது, முகவர் கட்டணம், உத்தரவாதி, புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் கிடையாது, 2 மாத முன்பணம் மட்டும். தனியார் வீட்டில் உள்ளே நுழையவே 4, 5 மாத வாடகை போய்விடும்.

சைக்கிள் சம்மன் 2026 ஏப்ரல் 1 முதல், 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 12,000 யென், சிவப்பில் போனால் 6,000, குடை பிடித்தால் 5,000. நண்பர் கொடுத்த பழைய சைக்கிள் என்றால் அவரிடம் ஒரு கைமாற்றுச் சீட்டு எழுதி வாங்கி, சைக்கிளில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். போலீஸ் நிறுத்தினால் முதலில் பார்ப்பது அந்த ஸ்டிக்கர் எண்ணைத்தான்.

பாயான்பாரு_85:
எல்லாருக்கும் நன்றி. நாளைக்கே ஜேபிஜே. ஒரு கேள்வி மிச்சம்: அம்மா கோழி செருண்டிங் (மசாலா போட்டு வறுத்த இறைச்சித் துருவல்), கறிவேப்பிலை, ஒரு பை நிறைய இருமல் மருந்து கட்டிக் கொடுக்கிறார். கொண்டுபோகலாமா?

லூனாஸ்_அக்கா:
செருண்டிங் வேண்டாம் தம்பி. வேகவைத்தது, வறுத்தது, கடையில் சீல் போட்டது எதுவானாலும் இறைச்சி இறைச்சிதான். மறைத்துப் பிடிபட்டால் 3 மில்லியன் யென் வரை அபராதம், சிறையும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், அதற்கும் தாவரச் சோதனை உண்டு. மருந்தில் கோடீன், சூடோஎபெட்ரின் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், ஒரு அளவுக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் தடை. மற்றவை கடையில் வாங்கியது 2 மாதத்துக்கு, டாக்டர் எழுதியது 1 மாதத்துக்குக் கொண்டுபோகலாம். அம்மாவிடம் சாம்பார்த்தூளும் ரசப்பொடியும் அரைத்துத் தரச் சொல்லுங்கள், பையில் அந்த இடத்துக்கு அது சரியாக இருக்கும்.