எஞ்சின் ஆயிலில் தண்ணீர்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அக்கரைப்பேட்டை விசைப்படகு (கேள்வி)

எங்களுடையது இழுவைமடி விசைப்படகு. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில், கடுவையாற்றுக்குள் கட்டியிருக்கிறோம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். லைனரைச் (சிலிண்டரின் உள்ளுறை) சுற்றித் தண்ணீர் ஓடும் வகை. உள்சுற்றில் நல்ல தண்ணீரும் பச்சைக் கூலன்ட்டும் ஓடுகின்றன. அதைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் தனியாக ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியே வந்து வெளியேறும். புகைக்குழாயில் தண்ணீர் கலப்பதில்லை. வீல்ஹவுஸுக்குப் பின்னால் நேராக மேலே போகிறது.

ஜூன் 14-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போனோம். போனபோதும் வந்தபோதும் எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. கரைக்கு வந்த மறுநாள் காலையில் டிரைவர் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கோல்) உருவிக் காட்டினார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. பால் அதிகமாக ஊற்றிய தேநீரின் நிறம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் அதே நிறத்தில் நுரை ஒட்டியிருக்கிறது.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் வந்தார். மூடியைப் பார்த்தார், "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்குவோம், இறக்குவதோடு லைனர் ரிங்கையும் மாற்றிவிடுவோம்" என்றார். (ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி, கேஸ்கட் அதற்கடியில் கசிவைத் தடுக்கும் தகடு.) வேறு எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. செலவழிக்க நான் தயங்கவில்லை. படகில் வருகிறவர்கள் எல்லோரும் தடைக்காலம் முழுக்க வருமானமில்லாமல் இருந்து, இந்த மாதத்தை நம்பிக் கடன் வாங்கியிருக்கிறார்கள். மீன் படுகிற நேரத்தில் படகைக் கட்டிப் போடுவதென்றால் அதற்குச் சரியான காரணம் வேண்டும். காரணம் தெரியாமல் எஞ்சினைப் பிரித்து, மறுபடி பூட்டி, அதே கோளாறோடு ஓட்டிப் பேரிங்கை இழந்தவர்களை இந்த ஆற்றிலேயே பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். வெப்ப முள் வழக்கத்தைவிட ஏறவில்லை. வெள்ளைப் புகை வரவில்லை. கரை நெருங்கும்போது ஆயில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியது என்று டிரைவர் சொல்கிறார். உள்சுற்றுத் தண்ணீர்த் தொட்டியில் குறைவு தெரியவில்லை. ஆனால் பையன்கள் கேட்காமலேயே தண்ணீர் ஊற்றுகிறவர்கள், அதனால் அதை நம்ப முடியாது. ஹெட்டைத் தொடாமல் இன்றே நான் சோதிக்கக்கூடியது ஏதாவது உண்டா?

தூத்துக்குடி டீசல் பணிமனை

தம்பி, முதலில் ஒன்று. அந்த எஞ்சினை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். "ஒரு முறை போட்டுப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் ஸ்டார்ட்டர் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தாங்காது. சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் நின்றிருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். டீசல் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நாசில் துளையில் தண்ணீர் தெறித்தால் அந்தச் சிலிண்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். எதுவும் வராவிட்டால் பாதி நிம்மதி.

அடுத்தது, உள்ளே போயிருப்பது எந்தத் தண்ணீர்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஸ்பேனரை எடுக்கிற மெக்கானிக்கிடம் நான் எஞ்சினைக் கொடுக்க மாட்டேன். உங்கள் படகில் மூன்று தண்ணீர் இருக்கிறது: கடல் தண்ணீர், கூலன்ட் கலந்த உள்சுற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர். மூன்றும் வருகிற வழி வேறு வேறு.

தண்ணீர் ஆயிலைவிடக் கனம். ஒரு இரவு எஞ்சின் அசையாமல் நின்றால் கலக்காத தண்ணீர் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் தங்கும். டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் கசிவது அந்தத் தண்ணீர்தான். அதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, மேலே மிதக்கும் ஆயிலை வடித்துவிட்டு, அரை டம்ளர் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் வற்ற வையுங்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் 35 கிராம் அளவுக்கு உப்பு உண்டு. ஆற்று முகத்தில் கொஞ்சம் குறையலாம். கடல் தண்ணீராக இருந்தால் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு விரலால் சுரண்டும் அளவுக்கு நிற்கும். கூலன்ட் தண்ணீர் என்றால் பச்சையாகப் பிசுபிசுப்பு மிஞ்சும். மழைத் தண்ணீர் என்றால் ஆயில் கறையைத் தவிர ஒன்றும் இருக்காது. உங்கள் பக்கம் நிலத்தடி நீரே உப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. அதனால் உள்சுற்றுத் தொட்டியிலிருந்தும் அதே அளவு தண்ணீர் எடுத்து இன்னொரு பாத்திரத்தில் வற்ற வைத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உப்பு நின்றால் ஹெட் கேஸ்கட்டை மறந்துவிடலாம். உங்கள் எஞ்சினில் கடல் தண்ணீர் ஹெட் பக்கமே போவதில்லை. கடல் தண்ணீர் பம்ப், கடல் தண்ணீரால் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் இரண்டின் மேலும்தான் சந்தேகம் போகும். எஞ்சின் அறையில் அடித்தண்ணீர் ஏறி டிப்ஸ்டிக் குழாய் வரைக்கும் வந்திருந்தால் அதுவும் ஒரு வழி. பச்சையாக மிஞ்சினால் கேஸ்கட், லைனரின் கீழ் ஓ-ரிங், ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் என்று தேடலாம். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் புகைக்குழாயைப் பாருங்கள். தடைக்காலத்தில் மேல்மூடி இல்லாமல் நின்ற குழாய் வழியே மழை இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்கும் அங்கிருந்து ரிங்கைத் தாண்டிச் சம்ப்புக்கும் போவதுண்டு.

கடல் தண்ணீர் பம்ப் பெல்ட்டில் ஓடுகிறதா, டைமிங் கேஸில் (எஞ்சினின் பல்சக்கரங்கள் இருக்கும் பெட்டி) பல்சக்கரத்தில் ஓடுகிறதா? அதையும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர், சென்னை

மேலே சொன்ன வரிசை மிகச் சரி. ஆயில் கூலரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அதுதான் ஆளை ஏமாற்றும்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு) 3, 4 கிலோ இருக்கும். கடல் தண்ணீரின் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு. ஆகவே கூலர் குழாயில் துளை விழுந்தால் ஓடும் நேரத்தில் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். படகின் பக்கத்தில் தண்ணீர் வெளியேறும் இடத்தில் எண்ணெய்ப் படலம் தெரியும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் பூஜ்ஜியம். கூலர் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, கடல் வால்வும் திறந்திருந்தால், அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். வந்தபோது எஞ்சின் நன்றாக ஓடியது, மறுநாள் காலையில் மட்டம் ஏறியிருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதை இந்தக் கண்ணோடு படியுங்கள். நிற்கும்போது ஏறுகிற மட்டம், ஹெட் கேஸ்கட்டைவிடக் கடல் வால்வுப் பக்கத்தை அதிகமாகக் காட்டுகிறது.

கூலரைக் கழற்றி, ஆயில் பக்கத்தின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் காற்றுப் பம்பையும் அழுத்தமானியையும் பொருத்தித் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடியுங்கள். ஓடும்போது வரும் அழுத்தத்துக்கு ஏற்றிக் காத்திருந்தால் குமிழி சொல்லிவிடும். உள்சுற்றுக்கும் அழுத்தச் சோதனை எளிது: தொட்டி மூடி இருக்கும் இடத்தில் 1 கிலோ வரை ஏற்றி, டிரெயின் பிளக்கைத் திறந்து, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். முள் இறங்கிக் காகிதம் நனைந்தால்தான் ஹெட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

வசதி இருந்தால் ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கடல் நீரில் சோடியம், மெக்னீசியத்தைப் போல எடையில் ஏறக்குறைய எட்டு மடங்கு இருக்கும். புது ஆயிலின் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கூடியிருக்கும் அளவு அந்த விகிதத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் முடிவு வரும்வரை எஞ்சினை அப்படியே வைத்திருக்காதீர்கள்.

திருகோணமலை இயந்திரம்

நான் திருகோணமலையில் பாய்ப்படகுகளின் இஞ்சின்களும் திருத்துகிறவன். இந்தக் கேள்வியைத் தேடி வருகிற வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். உங்களுடையதைப் போலப் புகைக்குழாய் உலர்ந்ததாக இல்லாமல், புகையோடு கடல் தண்ணீரும் சேர்ந்து வெளியேறும் படகுகளில் ஒயிலில் தண்ணீர் என்றால் நான் முதலில் பார்ப்பது பின்வளைவுக் குழாயின் உச்சியில் இருக்கும் காற்று வால்வை. உப்புப் படிந்து அது அடைத்துக்கொண்டால், இஞ்சின் நின்ற பிறகும் கடல் தண்ணீர் தானாகவே இழுபட்டு வந்து, சைலன்சரை நிரப்பிச் சிலிண்டருக்குள் போய்விடும். ஸ்டார்ட் ஆகாத இஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுற்றினாலும் இதே கதைதான். பம்பி தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும், அதை வெளியே ஊதித் தள்ளப் புகை இராது. நீண்ட நேரம் சுற்ற வேண்டி வந்தால் கடல் வால்வைப் பூட்டிவிட்டுச் சுற்ற வேண்டும்.

அக்கரைப்பேட்டை விசைப்படகு

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

நாசில்களைக் கழற்றிச் சுற்றினோம். சிலிண்டர்களில் தண்ணீர் இல்லை. டிரெயின் பிளக்கில் முதலில் சாம்பல் நிறத் தண்ணீர் வந்தது, பிறகுதான் ஆயில். வற்ற வைத்த பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு அழுத்தமாக நின்றது. உள்சுற்றுத் தண்ணீரை வற்ற வைத்த பாத்திரத்தில் பச்சைப் பிசுக்கு மட்டும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும், ஹெட்டை இறக்கச் சொன்னவரே "கடல் தண்ணீர்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

ஆயில் கூலரைக் கழற்றிச் சோதித்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. பம்ப் டைமிங் கேஸில் பல்சக்கரத்தில் ஓடும் வகை. வெளியே பார்த்தால் கசிவே இல்லை, சுத்தமாக இருக்கிறது. இப்போது எங்கே தேடுவது?

தூத்துக்குடி டீசல் பணிமனை

கசிவே இல்லாமல் சுத்தமாக இருக்கிறது என்பதுதான் எனக்குச் சந்தேகம். பல்சக்கர பம்ப்பில் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பக்கம் தண்ணீர் சீல் ஒன்று, எஞ்சின் பக்கம் ஆயில் சீல் ஒன்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே, பம்ப் உடம்பின் அடிப்பக்கத்தில், ஒரு சிறு துளை இருக்கும். தண்ணீர் சீல் தேய்ந்தால் கசிவது அந்தத் துளை வழியே வெளியே சொட்ட வேண்டும். அதைப் பார்த்துச் சீலை மாற்றிவிடலாம். துளை அடைபட்டால் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. தண்டோடு ஒட்டி ஆயில் சீலைத் தாண்டி டைமிங் கேஸுக்குள் போகும், அங்கிருந்து சம்ப்புக்கு.

தடைக்காலத்தில் எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்தார்களா? பம்ப்பின் அடியில் கையை விட்டு அந்தத் துளையைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைக்கண்ணாடியைக் கீழே பிடித்து டார்ச் அடியுங்கள்.

அக்கரைப்பேட்டை விசைப்படகு

அண்ணன், அப்படியேதான் இருந்தது. மே மாதம் ஆள் வைத்து எஞ்சின் முழுவதற்கும் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தோம். துளை இருந்த இடம் வழவழப்பாக மூடியிருந்தது. மெல்லிய கம்பியால் குத்தியதும் பெயின்ட் தோல் உரிந்து, பின்னாலேயே துரு நிறத்தில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. பம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர் சீலின் உதடு ஓடிய இடத்தில் தண்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். ஆயில் சீல் காய்ந்து கெட்டியாகியிருந்தது. தண்டு, இரண்டு சீல், பேரிங் எல்லாம் புதிதாக வாங்கிவிட்டோம்.

எஞ்சினுக்குள் இருக்கும் உப்பை எப்படி வெளியேற்றுவது? டீசல் ஊற்றிக் கழுவச் சொல்கிறார்கள்.

தூத்துக்குடி டீசல் பணிமனை

டீசல் மட்டும் ஊற்றி ஓட்டாதீர்கள். அது பேரிங்குக்குப் போதிய படலம் தராது. பழைய ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, அதே தடிமன் உள்ள விலை குறைந்த ஆயிலை ஊற்றி, சுமை இல்லாமல், வேகம் கூட்டாமல், சூடு ஏறும்வரை ஓட்டுங்கள். சூட்டோடு வடியுங்கள். நிறம் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் ஃபில்டரோடு. பலர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: வரிசை வகை டீசல் பம்ப் என்றால் அதன் கேம் அறையிலும் எஞ்சின் ஆயில்தான் நிற்கும். அதையும் தனியாக வடியுங்கள். வால்வு மூடியைத் திறந்து நுரையைத் துணியால் துடைத்து எடுங்கள். கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கையும் ஒரு பார்வை பாருங்கள். அது வேறு ஆயில், வேறு கூலர்.

கழற்றிய முதல் ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். பேரிங் உலோகத் துகள் மின்னினால் சம்ப்பை இறக்கி ஒரு பேரிங் மூடியையாவது திறந்து பார்க்காமல் கடலுக்குப் போக வேண்டாம்.

தெளிந்ததாகத் தெரியும் ஆயிலில் ஈரம் மிச்சம் இருக்கிறதா என்று அறிய, 150 டிகிரி அளவில் சுட்ட இரும்புத் தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். ஈரம் இருந்தால் படபடவென்று வெடிக்கும். இல்லாவிட்டால் சத்தமின்றிப் பரவிப் புகையும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அக்கரைப்பேட்டை விசைப்படகு

ஃபில்டர் தாளில் துகள் எதுவும் இல்லை. டீசல் பம்ப்பிலிருந்து வடித்ததில் பால் நிறம் கடைசிவரை இருந்தது, சொல்லியிருக்காவிட்டால் அதை விட்டிருப்போம். இப்போது ஊற்றியிருக்கும் ஆயில் தட்டில் சத்தம் போடவில்லை. ஆயில் அழுத்தம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. இன்றிரவு ஐஸ் ஏற்றுகிறோம். கரைக்கு வந்ததும் கடல் வால்வை அடைத்துவிடுமாறு டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆயில் மாற்றம் எப்போது?

தூத்துக்குடி டீசல் பணிமனை

வழக்கமான மணி நேரத்தில் பாதியில் மாற்றுங்கள், அதற்கடுத்து வழக்கம்போல. பம்ப் சீல் ஒரு ஜோடி படகிலேயே இருக்கட்டும். பெயின்ட் அடிக்க வருகிறவருக்கு அந்தத் துளையைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.