புதுப்பிப்பு: பிடரியில் தொடங்கி வலது கண்ணுக்கு ஏறும் தலைவலி

மூன்று மாதம் முன்பு, பிடரியில் பிடித்து வலது கண்ணுக்குப் பின்னால் ஏறும் தலைவலி பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வலி பெரும்பாலும் போய்விட்டது.

பலன் தந்தது, பிசியோதெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிட்டே போனேன். மேல்கழுத்தின் மூன்று நரம்புகளும் முகத்து உணர்வைக் கொண்டுசெல்லும் ட்ரைஜெமினல் நரம்பும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், கழுத்துக் கோளாறு கண்ணருகே வலியாகத் தெரியுமாம். பிசியோதெரபிஸ்ட் ஆறு வாரம், வாரம் இருமுறை, மேல்கழுத்து மூட்டுகளை மெதுவாக அசைத்துக் கொடுத்தார். சொடக்கு எடுக்கவே இல்லை. அதைவிட முக்கியம் வீட்டுப் பயிற்சி. படுத்தபடி தாடையை உள்ளிழுத்துப் பத்து விநாடி வைத்திருக்க வேண்டும், பத்து முறை. அதை விட்ட வாரம் வலி திரும்பிவிட்டது.

நான் எதிர்பார்க்காத விஷயம் மாத்திரை. மாதத்தில் 15 நாளுக்கு மேல் பாராசிட்டமால் போட்டுவந்தேன். அதுவே தலைவலியை வளர்க்கும் என்றார் மருத்துவர். நிறுத்திய முதல் பத்து நாள் ரொம்பக் கஷ்டம், அப்புறம் சரியானது.

சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கச் சொன்ன நண்பரே, தயவுசெய்து நீங்களும் அதைச் செய்யாதீர்கள். திடீரெனத் திருகினால் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனாலும் வரும்.