மூடிவிட்ட பிளக் பாயிண்ட்: உங்கள் வீட்டிலும் நடந்ததா?

மாடிவீட்டு மல்லி

கிச்சன் வேலை முடிந்து எட்டு மாதமாகிறது. இன்னும் அந்தச் சுவரில் ஒரு ஆணி அடிக்கக் கை வரவில்லை.

பழைய கிரைண்டர் பாயிண்ட், மேடையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் இருந்தது. புது பிளானில் சிங்க் அங்கேதான் வருகிறது. எலக்ட்ரீஷியனிடம் "இதை எடுத்துடுங்க" என்றேன். எடுத்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் செய்தது, சுவிட்சையும் சாக்கெட்டையும் கழற்றி, ஒயர் முனைகளில் டேப் சுற்றி, பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்தது. அதற்கு மேல் கொத்தனார் பூசி, டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. நான் அன்று ஆபீசில்.

மூன்று வாரம் கழித்துத் தட்டு ஸ்டாண்ட் மாட்ட கார்பெண்டர் வந்தார். பளிச்சென்று வெள்ளைச் சுவர், எதுவுமே தெரியாது. டிரில் இறங்கியது. 'டப்'. ஓட்டைக்குள் ஒரு நீல வெளிச்சம், வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. அவர் டிரில்லைப் பிடித்தபடியே நின்றார். வெளியே இழுத்தபோது பிட்டின் முனை உருகி, தீக்குச்சித் தலை போலத் திரண்டிருந்தது. "அக்கா, இங்க லைன் ஓடுதுன்னு சொல்லலையே?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த பிட் இன்னும் என் ஜன்னல் திட்டில் கிடக்கிறது.

பியூஸ் கட்டை

எலக்ட்ரீஷியனை மட்டும் குறை சொல்லாதீர்கள். என் அப்பா இதே தொழில், நானும் பத்து வருடம் கூடப் போயிருக்கிறேன். 'பாயிண்டை எடு' என்றால் பாதிப் பேர் பிளேட்டை எடுப்பது என்றுதான் புரிந்துகொள்வார்கள். 'ஒயரை உருவிடுங்க' என்று சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு தடவை இப்படி ஆனது, சின்னதாக. அதை விடுங்கள். இனிமேல் செய்யப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வேண்டாத பாயிண்டுக்கு வரும் ஒயரை, அது எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கேயே கழற்றி, பைப்பிலிருந்து முழுக்க உருவ வேண்டும். உருவ வராவிட்டால், கிளம்பும் இடத்தில் துண்டித்து, இந்தப் பக்கம் டெஸ்டர் எரியவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். பாயிண்டை நகர்த்துகிறீர்களா? பழைய ஒயரில் ஒட்டுப் போட்டு நீட்டாதீர்கள். ஒட்டு போட்டே ஆகவேண்டும் என்றால் அந்தப் பெட்டி கையால் திறக்கிற மாதிரி வெளியே இருக்கட்டும், மேலே ஒரு டம்மி பிளேட் போடுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று அதன்மேல் டைல்ஸ் ஒட்டச் சொல்வது நீங்கள்தான், நாங்கள் இல்லை. சுவரை நேர் மேலாக அல்லது நேர் பக்கமாகத்தான் வெட்டச் சொல்லுங்கள். குறுக்கே சாய்வாக வெட்டினால் ஒயர் மிச்சம், ஆனால் பின்னால் வருகிறவருக்கு பைப் எங்கே போகிறது என்று ஊகிக்கவே முடியாது. பூசுவதற்கு முன் இஞ்ச் டேப்பைச் சுவரில் வைத்து ஒரு போட்டோ. சிங்குக்குப் பக்கத்தில் பாயிண்ட் வேண்டாம், அடுப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம். டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் எல்லாம் பிரிகிற பெட்டி) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச், இல்லாவிட்டால் டைல்ஸ் காசில் கொஞ்சம் குறைத்து அதை முதலில் போடுங்கள்.

வைகைக்கரை

எங்கள் வீடு தாத்தா கட்டியது. சாக்கெட்டைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பெட்டி திறந்து கிடந்தது. "சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, பயப்படாதீங்க" என்று டைல்ஸ்காரரிடம் சொன்னவன் நான்தான். ஈர சிமெண்ட் கையோடு பெட்டி ஓரத்தை வழித்தார். "அண்ணே, செவரு கடிக்குது" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கரணை மேடையில் விழுந்த சத்தம் இப்போதும் கேட்கிறது. எங்கள் அம்மா காபி டம்ளரோடு வாசலில் நின்றுவிட்டார்.

அப்புறம் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே எரிகிறது. அந்தக் காலத்தில் யாரோ, கரண்ட் வருகிற லைனில் போட வேண்டிய சுவிட்சை, அது திரும்பிப் போகிற நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருடம் எங்களுக்குத் தெரியாது. மெயினை இறக்காமல் இனி யாரையும் பெட்டி பக்கம் விடுவதில்லை.

இட்லிப்பானை

பியூஸ் கட்டை, 'நாங்கள் இல்லை' என்று கை கழுவுகிறீர்களே. எங்கள் வீட்டில் டைல்ஸ் அல்ல, ஒயர்தான் பிரச்சினை. 6 ஆம்பியர் மிக்ஸி பாயிண்டை இரண்டு அடி நகர்த்தி, அதே 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை நீட்டி, 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போனார் ஒருவர். பார்க்கப் பெரிய சாக்கெட். நானும் நம்பி 2000 வாட் இண்டக்ஷனைச் செருகினேன். அது மட்டும் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பக்கத்தில் கெட்டிலும் அதே லைனில். பொங்கலன்று காலை, பால் வைத்திருக்கிறேன், கருவாடு சுட்ட மாதிரி வாசனை. எங்கள் வீட்டில் கருவாடே வாங்குவதில்லை! பிளேட்டில் கை வைத்தால் தோசைக்கல். கழற்றினால் அந்த ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் கரியாக ஒழுகியிருந்தது. எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம், சொல்லுங்கள்?

பியூஸ் கட்டை

16 ஆம்பியருக்கு 2.5 என்று கேட்டு வாங்கியிருக்கலாம். ஒயர் மேலேயே அச்சடித்திருக்கும்.

இட்லிப்பானை

பால் வைக்கிறவள் சுவருக்குள் போய்ப் படிக்க வேண்டுமாக்கும்.

மாடிவீட்டு மல்லி

சண்டை போடாதீர்கள், என் கதையை முடிக்கிறேன். போன வாரம் அதே கார்பெண்டர் பெட்ரூம் ஷெல்ஃபுக்கு வந்தார். டிரில்லை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசாமல் போய் மெயினை இறக்கினேன். "அக்கா, இறக்கிட்டா டிரில் எப்படி ஓடும்?" என்றார். கீழ்வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வந்துதான் வேலை நடந்தது.

தட்டு ஸ்டாண்ட் மட்டும் இன்னும் மேடையிலேயே நிற்கிறது.