ஜப்பான் டிவிடி இங்கே ஓடவில்லை, வழி இருக்கிறதா?
ஜப்பானிய நடிகை அரகாகி யுய் நடித்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்து வருகிறேன். ஒகினாவாப் பெண், 2001-இல் நிக்கோலா இதழின் மாடல் தேர்வில் முதலிடம், 2007-இல் 'கொய்சோரா' பட நாயகி, அதே டிசம்பரில் முதல் பாடல் ஆல்பம் (எனக்கென்னவோ பாட்டை விட நடிப்புதான் பிடிக்கும்).

சிக்கல் கொய்சோரா டிவிடியில்தான். போன மாதம் டோக்கியோவிலிருந்து நண்பர் அனுப்பிய ஒரிஜினல், ரீஜன் 2 (ரீஜன் என்றால் தட்டு எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்ற குறியீடு). என் பிளேயர் இந்தியாவில் வாங்கியது, ரீஜன் 5. தட்டை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, ரீஜன் தவறு என்று காட்டி வெளியே தள்ளிவிடுகிறது. ரிமோட்டில் போடும் ரகசிய எண்களையெல்லாம் போட்டாயிற்று. அப்புறம் லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருள், அதில் சத்தம் வருகிறது, படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. டிரைவின் ரீஜனை மாற்றலாம்தான், ஆனால் மொத்தமே 5 முறைதான் விடும்.

டிரைவ் ரீஜனைத் தொடாமல் இந்தத் தட்டைப் பார்க்க என்ன வழி?