பதினெட்டு வயசு மகளுக்குச் சொல்லாமல் விருந்து வைக்கலாமா?

கோபி அம்மா:
வணக்கமுங்க. ஆகஸ்ட் 2 அன்று மகளுக்கு 18 முடிகிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரி திறக்கக் காத்திருக்கிறாள். "பொறந்த நாளெல்லாம் வேண்டாம்மா, ஆளை விடுங்க" என்று சித்திரையிலிருந்தே சொல்கிறாள். என் அண்ணன் கேட்பதாக இல்லை. ஆடி மாசம், கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாதானே கிடக்கிறது என்று பேசி முடித்துவிட்டார். எண்பது பேர், ஐந்து கிலோ கேக். கோயிலுக்கு என்று சொல்லி அவளைக் கூட்டிவந்து, கதவைத் திறந்ததும் எல்லோரும் கத்த வேண்டுமாம். எனக்கும் ஆசைதான். ஆனால் வயிற்றைக் கலக்குகிறது. என்ன சொல்கிறீர்கள்?

காங்கயம் காளை:
தயங்காமல் வையுங்க. பந்தியில் "போதும், போதும்" என்று இலையை மறைக்கிறவருக்குத்தானே இன்னொரு கரண்டி சேர்த்து வைக்கிறோம்? என் பையனும் வேண்டாம் என்றான். இப்போது அந்த வீடியோவை அவனே போட்டுப் பார்க்கிறான்.

பவானி ஜமக்காளம்:
இலையில் வைத்தது பிடிக்காவிட்டால் மூடிவிட்டு எழுந்துவிடலாம். எண்பது பேர் நடுவில் நிற்கிற பிள்ளை எங்கே எழுந்து போகும்?

எங்கள் வீட்டிலேயே நடந்தது. தம்பிக்குப் பதினெட்டு. நான்தான் ஏற்பாடு, அதனால் பழியும் என்னுடையதே. விளக்கைப் போட்டதும் எல்லோரும் கத்தினோம். அவன் சிரித்தான், கேக் வெட்டினான், பெரியவர்கள் காலில் விழுந்தான். அப்புறம் மொட்டை மாடிக்குப் போனவன் பந்தி முடிகிறவரை இறங்கவில்லை. வந்த ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் "பையன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே கை கழுவிப் போனார்கள். வீடியோவில் பார்த்தால் சந்தோஷமாகத்தான் தெரிவான்! இன்றைக்கும் கோயிலுக்குக் கூப்பிட்டால் "நெசமாவே கோயிலா?" என்று கேட்கிறான். விளையாட்டாகக் கேட்கிறானா என்று எனக்கே தெரியவில்லை.

தாராபுரம் பெரியப்பா:
பிள்ளை ஒருத்திக்காக மட்டுமா விருந்து? அப்புச்சி, அமுச்சி, அந்தத் தாத்தா பாட்டிக்கு வயதாகிவிட்டது. சொந்தமெல்லாம் ஒன்றாகக் கூடுவது கல்யாணத்துக்கும் எழவுக்கும்தான் என்று ஆகிவிட்டது. தாய்மாமன் ஆசைப்பட்டுச் செய்கிறார், அதைத் தடுப்பது அவரை அவமதிப்பது. ஒரு பொழுது சிரித்துக்கொண்டு நின்றால் தேய்ந்தா போவாள்?

பவானி ஜமக்காளம்:
பெரியப்பா, சொந்தம் கூடட்டுமுங்க, வேண்டாம் என்று யார் சொன்னது? அண்ணன் பெயரில் ஒரு கிடா விருந்து போட்டால் எண்பது என்ன, இருநூறு பேர் வருவார்கள். அதற்கு அந்தப் பிள்ளை எதற்கு?

கோபி அம்மா:
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவளுக்குப் பதிமூன்று வயசில் சீர் வைத்தோம். அதே அண்ணன்தான் முன்னால் நின்று செய்தார். தட்டு வரிசை, மேடை, பட்டுப்புடவை, எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. பஸ் ஸ்டாப்பில் பூப்பு நன்னீராட்டு விழா என்று அவள் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்தோம். வகுப்புப் பையன்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு வாரம் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாள். நான் அதட்டி அனுப்பினேன். அதிலிருந்து கல்யாண வீட்டில்கூட மேடை ஏறிப் படம் எடுக்க வரமாட்டாள்.

பவானி ஜமக்காளம்:
பதில் இதிலேயே இருக்கிறதே அம்மா.

காங்கயம் காளை:
அது வேற, இது வேறங்க. அன்றைக்கு உடம்பு சமாசாரத்தை ஊருக்குச் சொன்னீர்கள், கூச்சம் இருக்கத்தான் செய்யும். இது வெறும் கேக். நல்ல கூட்டம் ஒன்றைப் பார்த்தால் பழைய பயமும் போய்விடும். ஆனால் ஃப்ளெக்ஸ் கூடவே கூடாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

சென்னிமலை பெட்ஷீட்:
கேக்கை விடுங்க. 1875ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று பதினெட்டில் மேஜர் என்கிறது. ஓட்டுரிமை மட்டும் 21இல் நின்றது. அரசியலமைப்பில் 61ஆவது திருத்தம் வந்து 1989இல்தான் அதுவும் 18 ஆனது. என் அக்காவெல்லாம் 21 வரை காத்திருந்தவர். உங்கள் மகளுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இப்போதே ஃபார்ம் 6 போடலாம், 17 முடிந்தாலே முன்கூட்டி வாங்கிக்கொள்கிறார்கள். ஸ்கூட்டி ஓட்டிப் பழகுவதற்கான எல்எல்ஆர் பதினெட்டில்தான், போட்டு முப்பது நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்ட். வேண்டாம் என்று சொன்னால் செல்லுபடியாகிற வயசு வருகிறது. அந்த நாளிலேயே ஏமாற்றிக் கூட்டிப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாராபுரம் பெரியப்பா:
சட்டம் பேசினால் குடும்பம் நடக்காது தம்பி.

சென்னிமலை பெட்ஷீட்:
சரிங்க, சட்டம் வேண்டாம். கேட்டுவிட்டுச் செய்தால் குடும்பம் நின்றா போய்விடும்?

கோபி அம்மா:
நேற்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அவளிடம் சொல்லிவிட்டேன். மண்டபம், எண்பது பேர், எல்லாவற்றையும். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "மாமன் பாவம்மா, நானே பேசிக்கறேன்" என்றாள். போனில் என்ன பேசினாளோ, காலையில் அண்ணன் உம்மென்று வந்து "அம்மிணி சொல்றா, செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆடி பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்கு, ஆற்றங்கரைக்குப் போகிறோம், வீட்டு ஆட்கள் ஆறு பேர். அமுச்சி கையால் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வேண்டுமாம். எல்எல்ஆருக்கு மாமன்தான் கூட வரணுமாம்.

பெரியப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு சந்தேகம்: ஐந்து கிலோ கேக்குக்குக் கொடுத்த முன்பணத்தைப் பேக்கரியில் திருப்பித் தருவார்களா?

காங்கயம் காளை:
தரமாட்டார்கள். தேதியை மாற்றி எனக்குச் சொல்லுங்க, எங்கள் சங்கத்துக் கூட்டத்துக்கு வாங்கிக்கொள்கிறேன். பெயர் மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.