"சாப்டியா?"ன்னு கேட்டது யாரை?

பிரபலங்கள் மேல ரசிகர்கள் வைக்கிற ஒருவழிப் பாசத்தைப் பத்தி நாலு பேர் சொல்றது.

கே-பாப் குரூப் அட்மின்:

கொரியப் பாடகர்கள் ரசிகர்களுக்கு மெசேஜ் அனுப்புற பபிள் ஆப்ல, பயாஸ் (தனக்கு ரொம்பப் பிடிச்ச பாடகர்) தன்கிட்ட மட்டும் பேசுறார்னு நம்பி, நாள் முழுக்க போனும் கையுமா இருக்கிற பிள்ளைங்க எங்க ரசிகர் குரூப்ல ஏராளம். திட்டிப் பிரயோஜனமே இல்ல. ஆப் உள்ளுக்குள்ள எப்படி ஓடுதுன்னு காட்டினா பாதி மயக்கம் தானாத் தெளியும்.

கலைஞர் தட்டுறது ஒரே மெசேஜ். சந்தா கட்டின எல்லாருக்கும் அதேதான் போகும். ஆனா நம்ம போன்ல ரெண்டு பேர் தனியாப் பேசுற சாட் மாதிரி திறக்கும். பேர் வரவேண்டிய இடத்துல அவர் @@ போடுவார். அங்க நாம பதிஞ்சு வெச்ச செல்லப்பேரை ஆப் செருகிடும். "@@, சாப்டியா?"ங்கிறது ஒருத்திக்கு "குட்டிமா, சாப்டியா?"ன்னு வரும், பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு "ராணி, சாப்டியா?"ன்னு வரும்.

பதில் போடலாம். அவரோட ஒரு மெசேஜுக்கு மூணு பதில்தான், அதுவும் ஆரம்பத்துல 30 எழுத்துக்குள்ள. சந்தா நாள் ஏற ஏற எழுத்து வரம்பும் ஏறும். நடுவுல அறுந்தா நாள் கணக்கு மறுபடி முதல்ல இருந்து. "இத்தனை நாள் சேர்த்தது போயிடுமே"ங்கிற பயத்துலயே பலபேர் நிறுத்துறதில்ல. ஒரு இசைக்குழுவுல ஏழு பேரைப் பிடிக்கும்னா ஏழு சந்தா, அது தனிக் கூத்து.

அவர் பக்கம் பதில்கள் அருவி மாதிரி கொட்டும். கண்ணுல பட்டதுக்குப் பொதுவா ஏதாவது சொல்வார். நாம "தலைவலி"ன்னு எழுதின அஞ்சாவது நிமிஷம் "உடம்பைப் பார்த்துக்கோ"ன்னு வந்தா, மனசு ரெண்டையும் முடிச்சுப் போட்டுக்கும். அத்தனை ஆயிரம் பேர்ல யாருக்காவது எந்நேரமும் தலைவலி இருக்கத்தானே செய்யும்!

சின்ன வேலை ஒண்ணு செஞ்சு பாருங்க. செல்லப்பேரை ஒரு வாரத்துக்கு "கரன்ட் பில் கட்டு"ன்னு மாத்துங்க. ராத்திரி "கரன்ட் பில் கட்டு, உன்னை ரொம்ப மிஸ் பண்றேன்"னு வரும்போது சிரிப்பு வந்துடும். ஒரு விஷயம்: பிள்ளைக்குத் தெரியாம பெத்தவங்க மாத்தாதீங்க. அது அவங்க டைரில கிறுக்கின மாதிரி ஆயிடும். அவங்க கையாலயே மாத்தினாத்தான் பலிக்கும்.

லைவ் மாடரேட்டர்:

யூட்யூப் சூப்பர் சாட்டும் இதே குட்டையில் ஊறின மட்டைதான். 2017-ல வந்தது. லைவ் நடக்கும்போது காசு கட்டி நம்ம மெசேஜை எடுப்பாக் காட்டுற வசதி. காசு கூடக்கூட கலர் மாறும், பெரிய தொகைன்னா சிவப்பு, 5 மணி நேரம் வரைக்கும் மேல நிக்கும். நூறு ரூபா போட்டா யூட்யூப் எடுக்கிறது போக சேனலுக்கு எழுபது. காசு போட்டவருக்குக் கிடைக்கிறது, பேரை வாசிக்கிற ரெண்டு மூணு செகண்ட்.

லைவ் நடத்துறவங்க கவனிக்க வேண்டியது தொகையை மட்டும்னு நினைக்காதீங்க. லைவ் ஆரம்பிச்ச முதல் நிமிஷத்துலயே தினமும் ஆஜர், புதுசா வந்தவங்களோட சண்டை, அப்புறம் "நேத்து ஏன் என் பேரைச் சொல்லல?" இந்த மூணாவது வந்துட்டா உஷார். உடனே பிளாக் பண்ணினா அடுத்த நாள் வேற ஐடியில வருவாங்க, கோபம் இரட்டிப்பா. முதல்ல டைம் அவுட், அதாவது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மெசேஜ் போட முடியாம நிறுத்துறது. பேரை வாசிக்கும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரே நீளத்துல நன்றி. இன்பாக்ஸ்ல தனியா சமாதானம் மட்டும் சொல்லப் போயிடாதீங்க. நீங்க அனுப்புற ஒரு வரியை அவங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சு ஒரு வருஷம் படிப்பாங்க.

பள்ளி கவுன்சலர்:

ஆப் புதிது, வித்தை பழையது. 1940களின் கடைசியில் அமெரிக்க வானொலியில் ஒரு பெண் குரல் வந்தது. 'தனிமைப் பெண்' என்பது நிகழ்ச்சியின் பெயர். கேட்கிற ஒவ்வொரு ஆணிடமும் அவன் ஒருவன்தான் காதலன் என்பதுபோலப் பேசுவாள். வெளியே வரும்போது முகமூடி அணிந்து வருவாள். 1956-இல் ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள், ரசிகருக்குப் பிரபலத்தோடு ஏற்படும் இந்த ஒருவழி உறவைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியபோது இந்த நிகழ்ச்சியைத்தான் உதாரணம் காட்டினார்கள். அவர்களும் இதை நோய் என்று சொல்லிவிடவில்லை. இருக்கிற உறவுகளோடு இதுவும் இருந்தால் பிரச்சினை இல்லை, அவற்றின் இடத்தை இது பிடித்துக்கொண்டால்தான் சிக்கல் என்றார்கள்.

பிரபலங்கள் மீதான ஈர்ப்பை அளக்க 2002-இல் வெளிவந்த அளவுகோலில் ஒரு கேள்வி உண்டு. கையில் சில ஆயிரம் டாலர் கிடைத்தால், உங்கள் பிரபலம் பயன்படுத்திய காகிதத் தட்டு போன்ற ஒரு பொருளை வாங்க அதைச் செலவிடுவீர்களா? பிள்ளைகளிடம் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்காமல் யோசிக்கிற பிள்ளையோடு கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும்.

நம் ஊரில் மறக்கக் கூடாதது 2024 ஜனவரிச் சம்பவம். பிடிஎஸ் என்ற கொரிய இசைக்குழுவைப் பார்க்கக் கிளம்பிய கரூர் மாவட்டச் சிறுமிகள் மூவர் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். கையில் இருந்தது சுமார் 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பலில் கொரியா என்பது திட்டம். செய்தி படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதில் பட்டது வேறு: வழி, பணம், துறைமுகம் என்று இவ்வளவு யோசித்திருக்கிறார்கள், ஆனால் வீட்டில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

போஸ்டரைக் கிழிப்பது, "அவனுக்கு நீ யாருன்னே தெரியாது" என்று குத்திக் காட்டுவது, இரண்டும் உதவாது. போன் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். தூக்கத்தில் இருந்து தொடங்குங்கள். சியோல் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 7 மணிக்கு வரும் 'குட்மார்னிங்' இங்கே விடிகாலை 3.30. நோட்டிஃபிகேஷன் சத்தத்துக்கு எழுந்து மூன்று பதிலும் போட்டுவிட்டுப் படுக்கிற பிள்ளைதான் முதல் பீரியடில் தூங்கி வழிகிறது. இரவு 10 முதல் 6 வரை போன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும், அப்பா அம்மா போன்களும் சேர்த்து. மெசேஜ் எங்கும் போகாது, காலையில் அங்கேயே இருக்கும். சாப்பாடு குறைந்து, தோழிகளையும் விட்டு விலகினால் 14416-ஐ அழைக்கலாம். இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

சைபர் புகார்களில் உதவுபவர்:

பிரான்சில் ஒரு பெண்மணி ஹாலிவுட் நடிகர் பிராட் பிட்டுடன் பழகுவதாக நம்பி 8,30,000 யூரோ இழந்த செய்தி 2025 ஜனவரியில் வந்தது. மோசடிக்காரர்கள் அனுப்பிய ஏஐ படங்களில் பிட் ஆஸ்பத்திரிப் படுக்கையில். இங்கே தொகை சிறிது, வரிசை அதே. உண்மையான பக்கத்தில் நீங்கள் கமென்ட் போடுவீர்கள். பெயரில் ஓர் எழுத்தோ அடிக்கோடோ கூடுதலாக உள்ள கணக்கிலிருந்து நன்றி வரும். அடுத்து "இது என் பர்சனல் டெலிகிராம், யாரிடமும் சொல்லாதே." பிறகு ரசிகர் அட்டைக் கட்டணம், பரிசுப் பார்சலுக்குச் சுங்கம், கடைசியில் சிகிச்சைச் செலவு. 'யாரிடமும் சொல்லாதே' வந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணியிலும் பணம் வேறு கணக்குக்குத் தாவிவிடும். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சாட்டை முழுவதும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக். பலர் கோபத்தில் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறார்கள்.

கே-பாப் குரூப் அட்மின்:

பபிள் சந்தாவை நிறுத்த நினைக்கிறவங்களுக்கு: ஆப்பை அழிச்சா மட்டும் காசு போறது நிக்காது. ப்ளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்க்ரிப்ஷன்ஸ் உள்ள போய் ரத்து பண்ணணும். கட்டின மாசம் முடியுற வரைக்கும் மெசேஜ் வந்துட்டேதான் இருக்கும். அந்த மிச்ச நாளுக்கும் செல்லப்பேர் "கரன்ட் பில் கட்டு"ன்னே இருக்கட்டும்.