மறு: ரெஃபரன்ஸ் மாடல் – ஒப்புநோக்கு மாதிரி?

எல்லாருக்கும் வணக்கம்.

"ரெஃபரன்ஸ் மாடல்"ங்கிறதுக்கு, அதாவது வேற வேற அமைப்புகளைப் பக்கத்துல வச்சு ஒப்பிட உதவுற பொது மாதிரிக்கு, தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்ங்கிறதுதான் பேச்சு, நான் "ஒப்புநோக்கு மாதிரி"ன்னு சொல்றேன். "மேற்கோள் மாதிரி"ன்னே முடிச்சிடலாம்னு போன மடல்ல வந்திருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. மேற்கோள்னா ஒருத்தர் சொன்னதை எடுத்துக் காட்டுறது, இங்க நடக்குற வேலையே வேற. "உசாத்துணை மாதிரி"யும் அகராதி, கலைக்களஞ்சியம் பக்கம் இழுத்துட்டுப் போயிடுது.

உலகத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 1984ல வெளியிட்ட ஓஎஸ்ஐ மாடல், கணினி வலைப்பின்னல் வேலையை ஏழு அடுக்காப் பிரிச்சுக் காட்டுது. இணையம் ஓடுறது டிசிபி/ஐபிங்கிற விதிமுறைத் தொகுப்புல, அதுல ஏழு அடுக்கு கிடையாது, ஆனாலும் நெட்வொர்க் ஆளுங்க "இது லேயர் 3 பிரச்சினை"ன்னா மூணாவது அடுக்கு, ஐபி, ரவுட்டிங் (தரவு போற வழி) பக்கம்னு உடனே புரிஞ்சிடுது. அந்த மாடலை யாரும் இன்ஸ்டால் பண்றதில்லை, பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்குறாங்க.

ஓஏஐஎஸ்ங்கிற இன்னொரு ரெஃபரன்ஸ் மாடல்ல இது இன்னும் தெளிவாத் தெரியும். விண்வெளி நிறுவனங்களோட தரவுக் குழு உருவாக்கி, 2003ல ஐஎஸ்ஓ 14721ஆ வந்தது, எண்ணிமக் (டிஜிட்டல்) காப்பகங்களுக்கானது. அதுல மூணு பொதி (தகவல் தொகுப்பு): கொடுக்கிறவர் ஒப்படைக்கிறது, காப்பகம் பாதுகாக்கிறது, வாசகர் கைக்குப் போறது. இப்ப ஒரு காப்பகம் ஸ்கேன் பண்ண பெரிய டிஃப் படக் கோப்பை உள்ள வச்சுக்கிட்டு வாசகருக்கு சின்ன ஜேபெக் தருது, இன்னொண்ணு வந்த பிடிஎஃபையே வச்சுக்கிட்டு அதையே தருதுன்னு வைங்க, ரெண்டும் வேற வேற சாஃப்ட்வேர், மெனுல இருக்குற பேரும் வேற. மூணு பொதியை வச்சுப் பாத்தாதான் ரெண்டாவதுல பாதுகாக்கிறதும் கொடுக்கிறதும் ஒரே கோப்புன்னு பளிச்சுன்னு தெரியும், வாசகருக்காக அந்தக் கோப்பை சின்னதாக்கினா மூலமும் சேர்ந்து போயிடும். புதுசா காப்பகம் கட்டுறவங்களும் இதை வச்சுத்தான் எது விட்டுப்போச்சுன்னு சரிபாக்குறாங்க, அதனால ஒப்புநோக்குன்னு சொன்னா இதை வச்சுப் புதுசா வடிவமைக்கிறது விடுபடுதேன்னு சிலர் கேட்டது எனக்குப் பெருசாப் படலை.

"குறிப்பாய மாதிரி" கேட்டவங்களுக்கு: இயற்பியல்ல ரெஃபரன்ஸ் ஃப்ரேமுக்குக் குறிப்பாயம்ங்கிற சொல் நல்லா ஊன்றிடுச்சு, அங்க அது அளக்குறதுக்கான ஆயத் தொகுதி (கோஆர்டினேட் சிஸ்டம்). இங்க அளக்குறது எதுவும் இல்லை, எந்தப் பகுதிக்கு எது ஈடுன்னு பொருத்திப் பாக்குறதுதான்.

மாடலுக்கு மாதிரியே இருக்கட்டும், தரவு மாதிரி ஏற்கனவே புழக்கத்துல இருக்கு. ரெஃபரன்ஸ் ஆர்க்கிடெக்சர் வந்தா ஒப்புநோக்குக் கட்டமைப்புன்னு நீட்டிக்கலாம். பதிப்புத் துறையில ஒப்புநோக்குறதுன்னா மூலத்தோட வச்சு மெய்ப்புப் பாக்குறதும் உண்டு, அங்க குழப்பம் வரும்னு நினைக்கிறவங்க ஒரு வாக்கியத்துல போட்டுக் காட்டுங்க, பாத்துட்டு முடிவு பண்ணலாம்.